மண்ணீரல் முறுக்கு: கண்டறிதலும் அறுவைச் சிகிச்சையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் அறிக்கையில் 'மண்ணீரல் முறுக்கு' அல்லது 'அலையும் மண்ணீரல்' என்ற சொற்களை முதன்முறையாகப் பார்த்துத் திகைத்து நிற்கும் குடும்பத்தினருக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இது அரிய நோய். அதனால் மருத்துவமனையிலேயே பலருக்கு இது புதியதாக இருக்கும் என்பதையும், கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்கலாம் என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறோம்.

மண்ணீரல் எங்கே இருக்கிறது? அது எப்படி முறுக்கிக்கொள்ள முடியும்?

வயிற்றின் இடது மேல்மூலையில், 9 முதல் 11 வரையான விலா எலும்புகளின் காப்பில், உதரவிதானத்தை ஒட்டியும் இரைப்பைக்குப் பின்புறமாகவும் மண்ணீரல் அமர்ந்திருக்கிறது. வளர்ந்தவர்களிடம் அதன் எடை ஏறத்தாழ 150 கிராம். கறிக்கடையில் ஆட்டு மண்ணீரலைச் 'சுவரொட்டி' என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா? அந்தப் பெயர் உடலுக்குள் அது இருக்க வேண்டிய விதத்துக்கும் பொருந்தும். மண்ணீரல் வயிற்றின் பின்சுவரோடும் இரைப்பையோடும் பெருங்குடலின் வளைவோடும் உறுதியான நார்ப்பட்டைகளால் ஒட்டிப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தப் பட்டைகள் இல்லாமலோ, மிக நீளமாகவோ, தளர்ந்தோ இருந்தால், இரத்தக் குழாய்கள் அடங்கிய காம்பு ஒன்றை மட்டுமே பற்றிக்கொண்டு மண்ணீரல் தொங்குகிறது. நிற்கும்போது அடிவயிற்றுக்கும், சிலரிடம் இடுப்புக்குழிக்கும்கூட இறங்கிவிடுகிறது. இதைத்தான் அலையும் மண்ணீரல் என்கிறார்கள். நீண்ட காம்பில் தொங்கும் எந்தப் பொருளும் சுழலக்கூடும். அரைச் சுற்று முதல் இரண்டு மூன்று முழுச் சுற்றுகள் வரை காம்பு முறுக்கிக்கொண்ட நிலைமைகள் பதிவாகியுள்ளன.

இது பிறவிக் குறையா, பின்னால் வருவதா?

இரண்டும் உண்டு. கருவில் இரைப்பையின் பின்புறத்தில் உள்ள படலத்துக்குள்தான் ஐந்தாவது வாரமளவில் மண்ணீரல் உருவாகத் தொடங்குகிறது. பிறகு அப்படலம் வயிற்றின் பின்சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஒட்டுதல் சரியாக நிகழாத குழந்தைக்குப் பிடிமான நார்ப்பட்டைகளும் சரியாக அமைவதில்லை. குழந்தைகளிடம் காணப்படும் முறுக்குகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. உதரவிதானத்தில் பிறவித் துளை உள்ள குழந்தைகளிடமும், வயிற்றுத் தசைகள் வளர்ச்சியடையாமல் பிறக்கும் குழந்தைகளிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

பெரியவர்களில் 20 முதல் 40 வயதுக்குட்பட்ட பெண்களே அதிகம். கர்ப்பகாலத்து ஹார்மோன்கள் நார்ப்பட்டைகளைத் தளர்த்துவதும், பேறுகளுக்குப் பின் வயிற்றுச் சுவர் நெகிழ்வதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மலேரியா, இரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் வீங்கிக் கனத்த மண்ணீரலும் தன் பாரத்தாலேயே பிடிமானத்தை இழுத்து நீட்டிவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முறுக்கிக்கொண்ட மண்ணீரல் இரத்தம் தேங்கி வீங்கும். ஆகவே வீக்கம் காரணமா விளைவா என்பதை ஸ்கேன் படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

முறுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

காம்பில் தமனியும் சிரையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. தமனியின் சுவர் தடித்தது, உள்ளழுத்தம் மிக்கது. சிரையின் சுவர் மெல்லியது. ஆகவே முறுக்கு இறுகத் தொடங்கும்போது சிரைதான் முதலில் அடைபடுகிறது. தமனி வழியாக இரத்தம் வந்துகொண்டேயிருக்க, வெளியேறும் வழி மூடிக்கொள்வதால் மண்ணீரல் பல மடங்கு வீங்குகிறது. அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறை இழுபட்டு வலி உண்டாகிறது. முறுக்கு மேலும் இறுகினால் தமனியும் அடைபட்டு, அல்லது குழாய்களுக்குள் இரத்தம் உறைந்து, மண்ணீரலின் திசு இறக்கத் தொடங்குகிறது. அழுகல், சீழ்க்கட்டி, வயிற்று உறையில் அழற்சி ஆகியவை அதன் தொடர்ச்சி.

கணையத்தின் வால்பகுதி மண்ணீரல் காம்புக்குள் நீண்டிருப்பதுண்டு. அத்தகையவர்களுக்குக் கணையமும் சேர்ந்து முறுக்கப்பட்டுக் கணைய அழற்சி வரலாம். மண்ணீரலைப் பிடிக்கும் நார்ப்பட்டைகள் இரைப்பையையும் நிலைநிறுத்துபவை என்பதால், சில குழந்தைகளுக்கு இரைப்பையே புரண்டு முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உடன் இருக்கிறது. அறுவைச் சிகிச்சை செய்பவர் இரைப்பையையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

என்னென்ன அறிகுறிகள் தோன்றும்?

திடீரென்று எழும் கடும் வயிற்றுவலி, குமட்டல், வாந்தி, சில வேளைகளில் காய்ச்சல், வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் ஒரு கட்டி ஆகியவை. வலி இடது மேல்வயிற்றில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மண்ணீரல் எங்கே இறங்கியிருக்கிறதோ அங்கேதான் வலிக்கும். தொப்புளைச் சுற்றியும் வலது அடிவயிற்றிலும்கூட வலித்திருக்கிறது.

சில மாதங்களாக வலி வந்து வந்து தானாகவே போய்விடுகிறது. அதுவும் இதுவாக இருக்கலாமா?

இருக்கலாம். காம்பு பாதி முறுக்கிக்கொண்டு, படுத்த நிலை மாறியதும் தானே பிரிந்துவிடுவது உண்டு. அப்படிப்பட்டவர்கள் 'வாயு', 'அல்சர்', 'மாதவிடாய் வலி' என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள். அடிக்கடி சிரை அடைபட்டுத் திறப்பதால் மண்ணீரல் மெல்ல மெல்லப் பெரிதாகி, இரத்தத் தட்டணுக்களைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை குறைவாகவே வந்துகொண்டிருக்கும். சிரையில் இரத்தம் வெளியேற வழியில்லாமல் இரைப்பையின் மேற்பகுதிச் சிரைகள் புடைத்து, ஒருநாள் இரத்த வாந்தியாக வெளிப்பட்டதும் உண்டு. இந்த இரண்டுக்கும் காரணம் கல்லீரலில் இல்லை என்று தெரியும்போதாவது மண்ணீரலின் இருப்பிடத்தைப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு வயிற்றுவலி என்றால் குடலேற்றம் தட்டுவதும், எண்ணெய் தடவி நீவிவிடுவதும் எங்கள் ஊரில் வழக்கம். செய்யலாமா?

வயிற்றில் கட்டி தட்டுப்பட்டாலோ, குழந்தை வலியால் துவண்டு வாந்தியெடுத்தாலோ கண்டிப்பாகக் கூடாது. இரத்தம் தேங்கி உப்பிய மண்ணீரலின் உறை மிக மெல்லியது. அழுத்தி நீவும்போது அது கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டலாம். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்து இரவைக் கடத்துவதும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் உணவும் பானமும் கொடுக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவர் கையால் பரிசோதித்தே இதை அறிய முடியுமா?

ஐயம் கொள்ள முடியும். பழைய அறுவைச் சிகிச்சை வகுப்புகளில் சொல்லித்தரப்பட்ட அடையாளங்கள் இன்றும் பயனுள்ளவை: முட்டை வடிவில், ஓரத்தில் பள்ளவெட்டு உள்ள கெட்டியான கட்டி, அதை இடது மேல்வயிற்றை நோக்கித் தள்ளினால் வலியின்றி நகரும், மற்ற திசைகளில் நகர மறுக்கும், மண்ணீரல் இருக்க வேண்டிய இடத்தில் விரலால் தட்டினால் மந்த ஒலிக்குப் பதிலாக, அங்கே புகுந்துவிட்ட குடலின் காரணமாகக் காற்றொலி கேட்கும். அந்த ஓரப் பள்ளவெட்டு மண்ணீரலுக்கே உரியது என்பதால் தேர்ந்த விரல்களுக்கு அது பெரிய துப்பு. ஆயினும் கடுமையாக முறுக்கிய நிலையில் வயிறு இறுகியிருக்கும்; தொடவே விடமாட்டார்கள். படமெடுக்காமல் உறுதி செய்வது அரிது.

இரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

இந்த நோய்க்கென்று தனி இரத்தப் பரிசோதனை இல்லை. வெள்ளையணுக்கள் கூடியிருக்கலாம், பிளேட்லெட் குறைந்திருக்கலாம். கணையமும் சிக்கியிருந்தால் அமைலேஸ், லைபேஸ் என்ற கணைய நொதிகளின் அளவு உயரும். இவை எல்லாம் இயல்பாக இருந்தும் மண்ணீரல் முறுக்கியிருக்கலாம்.

அல்ட்ராசவுண்ட் போதுமா, சி.டி. ஸ்கேன் தேவையா?

முதலில் அல்ட்ராசவுண்ட் செய்வதே முறை, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும். ஸ்கேன் செய்பவர் இரண்டு செய்திகளைத் தேடுவார். மண்ணீரல் அதற்குரிய இடத்தில் இருக்கிறதா என்பது ஒன்று; டாப்ளர் முறையில் அதன் காம்பிலும் உள்திசுவிலும் இரத்தம் ஓடுகிறதா என்பது மற்றொன்று. இடது மேல்மூலை வெறுமையாக இருந்து, அடிவயிற்றில் காற்புள்ளி வடிவில் ஒரு கட்டியும், அதில் இரத்த ஓட்டமின்மையும் தென்பட்டால் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். வெறுமையான அந்த மூலையை யாரும் திரும்பிப் பார்க்காததுதான் இந்த நோய் தவறவிடப்படுவதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. அடிவயிற்றில் வலி என்று எழுதிக் கொடுத்தால் அடிவயிற்றை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவது எளிது. 'இடுப்புக்குழியில் கட்டி' என்ற அறிக்கையோடு நோயாளி மகப்பேறு மருத்துவரிடம் போய்ச் சேர்வார்.

வளர்ந்தவர்களுக்கு, சிரைவழி மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் மிகத் தெளிவான விடையைத் தருகிறது. முறுக்கிய காம்பு, குழாய்களும் கொழுப்பும் கணைய வாலும் சேர்ந்து சுழன்று, ஆற்று நீர்ச்சுழியைப் போலப் படத்தில் தெரியும். இதைச் சுழல் அடையாளம் என்று கதிரியக்க மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். உயிருள்ள மண்ணீரல் மருந்தை வாங்கி ஒளிரும். இரத்தம் போகாத மண்ணீரல் கல்லீரலைவிட மங்கிக் கிடக்கும். சில வேளைகளில் அதன் வெளி உறை மட்டும் மெல்லிய கோடாக ஒளிரும். பகுதி ஒளிர்ந்து பகுதி மங்கியிருந்தால் காப்பாற்ற இன்னும் ஏதோ மிஞ்சியிருக்கிறது என்று பொருள். வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறதா, கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வரை இரத்த உறைவு நீண்டிருக்கிறதா, இரைப்பை புரண்டிருக்கிறதா என்பனவும் அதே படத்தில் கிடைத்துவிடும்.

கருவுற்றிருக்கும்போது இப்படி நேர்ந்தால்?

அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் கதிர்வீச்சு இல்லாதவை. அவை போதாமல், தாயின் உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் சி.டி. ஸ்கேனையும் தவிர்க்கக் கூடாது. வளரும் கருப்பை மண்ணீரலை மேலே தள்ளி வைத்திருப்பதால், பேறு முடிந்து கருப்பை சுருங்கும் நாட்களில் முறுக்கு நிகழ்வதும் உண்டு. ஆகையால் பிரசவத்துக்குப் பிந்தைய வயிற்றுவலியையும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

எந்த நோய்களோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்?

பெண்களிடம் சினைப்பை முறுக்கும், கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிடும் குழாய்க் கருவும். குழந்தைகளிடம் குடல்வால் அழற்சியும், குடல் குடலுக்குள் நுழைந்துகொள்ளும் நிலையும். எல்லோரிடமும் சிறுநீரகக் கல்வலி. குடல்வாலை எடுக்கப் போய், வயிற்றைத் திறந்த பிறகே மண்ணீரலைக் கண்டவர்கள் உண்டு. அதை அறியாமை என்று இகழ்வதற்கில்லை. ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் தம் வாழ்நாளில் இதை ஒருமுறைகூடப் பார்க்காமல் போகலாம்.

அறுவைச் சிகிச்சை இல்லாமல் குணமாகாதா?

முறுக்கை மருந்தால் பிரிக்க முடியாது. வலி தணிந்துவிட்டது என்பதையும் நம்ப முடியாது. முறுக்கு பிரிந்ததாலும் வலி தணியும், திசு இறந்துவிட்டதாலும் தணியும்.

முறுக்கு இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக அலையும் மண்ணீரல் தெரியவந்தால் என்ன செய்வது என்பதில்தான் சற்று விவாதம் இருக்கிறது. முன்பு 'தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடலாம்' என்றார்கள். நாளடைவில் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கணிசமானது என்று தெரிந்த பின், அறிகுறி இல்லாவிட்டாலும் திட்டமிட்டு அதை உரிய இடத்தில் பொருத்திவிடுவதே நல்லது என்ற பக்கம் பெரும்பாலோர் சாய்ந்துள்ளனர், குழந்தைகள் விஷயத்தில் குறிப்பாக. நல்ல உடல்நிலையில் நாள் குறித்துச் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கும், நள்ளிரவில் கறுத்துப்போன மண்ணீரலோடு செய்யும் அறுவைச் சிகிச்சைக்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பார்த்தால் எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

எத்தனை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும்?

விரை முறுக்குக்கு 6 மணி நேரம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மண்ணீரலுக்கு அப்படி ஒரு கெடு இல்லை. அரைச் சுற்று முறுக்கில் பல நாட்கள் உயிரோடிருந்ததும் உண்டு, இறுகிய முறுக்கில் விரைவில் இறந்ததும் உண்டு. எந்த வகை என்று வெளியிலிருந்து அளக்க இயலாததால், உறுதியானவுடன் செய்வதே வழி.

அறுவை அறையில் முதலில் என்ன செய்வார்கள்?

வயிற்றைத் திறந்தோ, சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி மூலமோ மண்ணீரலைக் கண்டு, காம்பு எத்தனை சுற்று முறுக்கியிருக்கிறது என்று எண்ணி, அதை எதிர்த்திசையில் மெல்லப் பிரிப்பார்கள். பிறகு வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். வெளியே அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கு 'இன்னும் என்ன செய்கிறார்கள்' என்று தோன்றும் நேரத்தின் ஒரு பகுதி இந்தக் காத்திருப்புதான். கருநீலமாக உப்பியிருந்த மண்ணீரல் சில நிமிடங்களில் செம்பழுப்பு நிறத்துக்குத் திரும்பி, சுருங்கி, காம்பில் தமனித் துடிப்பும் தெரிந்தால் அது உயிரோடிருக்கிறது. ஐயமிருந்தால் டாப்ளர் கருவியை நேராக மண்ணீரலின்மேல் வைத்தே இரத்த ஓட்டத்தைக் கேட்கலாம். ஒரு பகுதி மட்டும் இறந்திருந்தால், அப்பகுதியை மட்டும் அகற்றுவதும் இயலும்.

உயிரோடிருக்கும் மண்ணீரலை எப்படிப் பொருத்துகிறார்கள்?

முறுக்கைப் பிரித்ததோடு விட்டுவிட்டால் அது மறுபடி முறுக்கும். ஆகவே அதை உரிய இடத்தில் நிலைநிறுத்த வேண்டும். 1895ஆம் ஆண்டு போலந்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் லூத்விக் ரிதிகியர், வயிற்றின் உட்சுவர்ப் படலத்தில் ஒரு பையை உருவாக்கி அதற்குள் மண்ணீரலை அமர்த்திக் காட்டினார். அதற்கு முன் அகற்றுவதுதான் வழக்கம்; 1877இல் ஜெர்மனியில் மார்ட்டின் என்பவர் அலையும் மண்ணீரலை அகற்றியது பதிவில் உள்ளது.

மண்ணீரலையே ஊசி நூலால் வயிற்றுச் சுவரோடு தைத்துவிடலாமே என்று தோன்றும். இது தசையைப் போன்றதன்று. இரத்தத்தில் ஊறிய பஞ்சு போன்ற திசு. ஊசி பட்ட இடமெல்லாம் கசியும், நூல் இழுத்தால் அறுத்துக்கொண்டு வரும். அதனால் தைக்காமல் தாங்கும் முறைகளையே கையாளுகிறார்கள். கரையும் நூலால் பின்னிய வலையைப் பைபோல் மண்ணீரலைச் சுற்றி அணிவித்து, இரத்தக் குழாய்களுக்கு மட்டும் வாயில் விட்டு, வலையின் விளிம்பை உதரவிதானத்தோடும் பக்கச் சுவரோடும் தைப்பது ஒரு முறை. இரண்டு வலைத் துண்டுகளுக்கு நடுவே மண்ணீரலை வைத்து மூடுவதும் இதன் மாற்றுவடிவமே. வலை சில மாதங்களுக்குள் கரைந்துவிடும். அதற்குள் மண்ணீரலைச் சுற்றி வடுத்திசு வளர்ந்து அதைச் சுவரோடு ஒட்டிவிடும். மற்றொரு முறை ரிதிகியர் வழியில் வந்தது: இடது பக்கச் சுவரில் படலத்துக்குப் பின்னால், இன்று சிறு பலூனை ஊதி இடம் பிரித்து, அப்பைக்குள் மண்ணீரலை நழுவ விட்டு, வாயைக் காம்பு நெரியாத அளவுக்குச் சுருக்குவது. உள்ளே அந்நியப் பொருள் எதுவும் தங்காது என்பது இதன் நன்மை. மண்ணீரல் மிகப் பெரிதாக வீங்கியிருந்தால் பைக்குள் அடங்காது என்பது குறை. குடலின்மேல் திரைபோல் தொங்கும் கொழுப்புப் படலத்தாலேயே பை செய்பவர்களும் உண்டு. எந்த முறையானாலும், இரைப்பை தளர்ந்திருந்தால் அதையும் சேர்த்துச் சுவரில் நிலைநிறுத்திவிடுவார்கள்.

மண்ணீரலை அகற்றியே ஆக வேண்டிய நிலைகள் எவை?

முறுக்கைப் பிரித்தும் நிறம் திரும்பாதபோது, காம்பின் குழாய்களில் இரத்தம் உறைந்துவிட்டபோது, சீழ் பிடித்தபோது, அல்லது மண்ணீரலிலேயே புற்றுநோய் ஐயம் உள்ளபோது. பார்த்தவுடனேயே அழுகிவிட்டது என்று உறுதியானால், முறுக்கைப் பிரிக்காமல் காம்பைக் கட்டி அகற்றுவதை விரும்புபவர்கள் உண்டு. தேங்கிய நச்சுப் பொருள்களும் இரத்த உறைவுகளும் உடலுக்குள் பாயாமல் இருக்க அது உதவும் என்பது காரணம். நாய்களுக்கு, குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழ்மார்பு கொண்ட பெரிய இனங்களுக்கு, இதே முறுக்கு வருவதுண்டு. கால்நடை மருத்துவத்தில் பிரிக்காமல் அகற்றுவதே நிலைபெற்ற விதி.

காம்பைக் கட்டும்போது கணையத்தின் வால் கட்டுக்குள் சிக்காமல் பார்ப்பது இந்த அறுவைச் சிகிச்சையின் மிக நுட்பமான கட்டம். முறுக்கில் எல்லாம் ஒன்றாக வீங்கிப் பிசைந்து கிடப்பதால், எது குழாய், எது கணையம் என்று பிரித்தறியவே நேரமெடுக்கும். அந்தக் கவனம் தவறினால் சில நாட்களில் கணைய நீர் கசிந்து பெருந்தொல்லை தரும்.

லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறப்பதா?

நோயாளியின் இரத்த அழுத்தம் நிலையாக இருந்து, மண்ணீரல் அளவுக்கு மீறிப் பெருக்காமல், அனுபவமுள்ளவர் கையில் இருந்தால் லேப்ராஸ்கோப்பி சிறந்தது. வலி குறைவு, சில நாட்களில் வீடு திரும்பலாம். அகற்றும் மண்ணீரலை உள்ளேயே பையிலிட்டு மூடி, பைக்குள் துண்டாக்கி, சிறு வெட்டு வழியாக வெளியே எடுப்பார்கள். இரத்தப்போக்கோ, பரவிய சீழோ இருந்தால் திறந்து செய்வதே பாதுகாப்பு. லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி இடையில் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வி என்று கருத வேண்டாம். அதற்கான ஒப்புதலையும் முன்கூட்டியே கேட்டிருப்பார்கள்.

முதல் சில வாரங்களில் கவனிக்க வேண்டியவை எவை?

அகற்றிய பின் பிளேட்லெட் எண்ணிக்கை வேகமாக ஏறும். முன்பு குறைவாக இருந்தது என்று கவலைப்பட்டவர்களே, ஒன்றிரண்டு வாரங்களில் 10 லட்சத்தைத் தொடும் அறிக்கையைப் பார்த்து மிரள்வார்கள். வழக்கமான அளவு 1.5 முதல் 4.5 லட்சம். இந்த ஏற்றம் பெரும்பாலும் தானே இறங்கிவிடும்; மிகவும் கூடினால் மருத்துவர் ஆஸ்பிரின் தரக்கூடும். வீடு திரும்பிய பின் காய்ச்சலும் இனம் புரியாத வயிற்றுவலியும் வந்தால் போர்ட்டல் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். பொருத்தியவர்களுக்கும் டாப்ளர் ஸ்கேன் மூலம் இரத்த ஓட்டத்தையும் இருப்பிடத்தையும் அவ்வப்போது சோதிப்பார்கள்.

'மண்ணீரல் இல்லாமலும் வாழலாம்' என்கிறார்களே, பிறகு ஏன் இத்தனை பாடு?

வாழலாம் என்பது உண்மை. கோடிக்கணக்கான அணுக்களை வடிகட்டும் ஓர் உறுப்பைத் தேவையற்றதாக எண்ணிவிடும் அளவுக்கு அந்த வாக்கியம் எளிதாகச் சொல்லப்படுகிறது என்பதும் உண்மை. வழவழப்பான உறை போர்த்திய பாக்டீரியாக்களை இரத்தத்திலிருந்து பிடித்து அழிப்பதில் மண்ணீரலுக்கு ஈடான உறுப்பு வேறில்லை. 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாவில் கிங், ஷூமேக்கர் என்ற இரு மருத்துவர்கள், இரத்த நோய்க்காக மண்ணீரல் அகற்றப்பட்ட கைக்குழந்தைகள் கடுமையான தொற்றுக்கு ஆளானதை எழுதினார்கள். அதுவரை தயக்கமின்றி அகற்றிவந்த கைகள் அதன்பின் தயங்கத் தொடங்கின. இத்தொற்று அரிதாகவே வரும். ஆனால் வந்தால், காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கி இரவுக்குள் உயிரைப் பறிக்கும் வேகமுடையது. ஆண்டுகள் பல கழிந்த பிறகும் வரும். ஆகவேதான், உயிரோடிருக்கும் மண்ணீரலை, அதுவும் குழந்தையின் மண்ணீரலை, 'முறுக்கியது, எடுத்துவிட்டோம்' என்று முடித்துவிடுவதை ஏற்க முடிவதில்லை. பொருத்தும் அனுபவம் உள்ள மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்து, நோயாளியின் நிலையும் இடம் கொடுத்தால், அங்கு அனுப்ப இயலுமா என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை.

என்னென்ன தடுப்பூசிகள், எப்போது?

நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா பி வகை ஆகிய மூன்று கிருமிகளுக்கு எதிரானவை முக்கியமானவை. இவற்றோடு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி. நாள் குறித்துச் செய்யும் அறுவைச் சிகிச்சையானால் 14 நாட்களுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். மண்ணீரல் முறுக்கில் பெரும்பாலும் அந்த அவகாசம் கிடைக்காது. அப்போது அறுவைச் சிகிச்சை முடிந்து 14 நாட்களுக்குப் பிறகு போடுகிறார்கள். நோயாளி வெகுதொலைவிலிருந்து வந்தவர், திரும்பி வருவது ஐயம் என்றால், வீடு திரும்பும் நாளிலேயே போட்டு அனுப்புவது மேல். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டியிருக்கும். சிறு குழந்தைகளுக்கு இவற்றோடு, 5 வயது நிறையும் வரையேனும் நாள்தோறும் பெனிசிலின் மருந்தும் தரப்படுகிறது.

அகற்றிய மண்ணீரலின் துண்டுகளை வயிற்றுக்குள்ளேயே வைத்தால் மீண்டும் வளருமாமே?

நல்ல நிலையில் உள்ள சில துண்டுகளைக் கொழுப்புப் படலத்துக்குள் வைத்தால் அவை பிழைத்து வளர்வது உண்டு. ஆனால் அவை தொற்றைத் தடுக்கும் அளவுக்கு வேலை செய்யும் என்று நம்பி இருக்க முடியாது. அழுகிய மண்ணீரலிலிருந்து எடுக்கவும் கூடாது. பலருக்கு இயற்கையிலேயே சிறு துணை மண்ணீரல் ஒன்று இருக்கும். அது இருந்தாலும் தடுப்பூசிகள் தேவையே.

மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால்?

மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. முன்கூட்டியே மருத்துவர் எழுதிக் கொடுத்து வீட்டில் வைத்திருக்கும் ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரையை உடனே போட்டுக்கொண்டு, அதே நேரத்தில் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். அங்கே முதல் வாக்கியமாக 'எனக்கு மண்ணீரல் இல்லை' என்று சொல்லுங்கள். காய்ச்சல் பிரிவின் வரிசையில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் நோயாளி அல்லர் அவர். நாய்க்கடி பட்டால், காயம் சிறிதாக இருந்தாலும், ரேபிஸ் ஊசியோடு ஆன்டிபயாடிக்கும் தேவை. நாயின் வாயில் வாழும் ஒரு பாக்டீரியா மண்ணீரல் இல்லாதவர்களிடம் கடும் தொற்றை உண்டாக்கும். மலேரியா உள்ள பகுதிகளுக்குப் போகும் முன் தடுப்பு மருந்து பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணீரல் அகற்றப்பட்ட நாளும் போட்ட தடுப்பூசிகளும் எழுதிய அட்டையைப் பணப்பையில் வைத்திருங்கள். அதன் படத்தைக் குடும்பத்தாரின் கைபேசியிலும் சேமித்து வையுங்கள்.

மண்ணீரலைப் பொருத்திய பின் விளையாடலாமா, கருவுறலாமா?

முதல் 4 முதல் 6 வாரங்களுக்குப் பாரம் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். கபடி, கால்பந்து போன்ற மோதல் விளையாட்டுகளுக்கு எப்போது திரும்பலாம் என்பதை, அடுத்த ஸ்கேனில் மண்ணீரலின் அளவைப் பார்த்து மருத்துவர் சொல்வார். கருவுறத் தடை இல்லை. பொருத்தியது எந்த ஆண்டு, எந்த முறையில், வலையா பையா என்ற விவரத்தை மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே தெரிவித்தால், சிசேரியன் செய்ய நேரும்போதோ, வயிற்றுவலி வரும்போதோ அவர் எதைத் தேட வேண்டும் என்பதை அறிந்திருப்பார்.